பச்சையும் மண்ணிறமும்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒன்றாக இருந்தால் முதலில் சீனி வருத்தம், பிறகு முழங்கால், அதற்குப் பிறகு எப்படியும் பொம்மர்தான். கவனித்திருப்பீர்கள். சத்தத்தை வைத்தே இன்ன விமானம் என்று சொல்லிவிடுவேன் என்பார் ஒருவர். குண்டு கழன்று விழுந்ததைக் கண்ணால் கண்டேன் என்பார் இன்னொருவர். குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குள் பாம்பு கிடந்த கதை ஆளுக்கொன்று இருக்கும். நானும் இத்தனை வருடமாக ஒரு பாம்புக் கதையைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். எங்கள் பங்கரில் பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு கூரைக்கு நிறம் அடித்த கதை. அதைத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும், கூட்டமும் கலைந்துபோகும் என்றுதான் இதுவரை வாய் திறக்கவில்லை.

முதலில் என் மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கந்தோரில் கட்டடப்படம் கீறுகிற வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்து, மாமியோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினார். கப்பலால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் உயிரோடு சேர்த்து ஏதோ ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சீலைத் தலைப்பில் தாலிக்கொடியை முடிந்திருந்தாள். ஒரு கிழவர் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தோளில் வைத்திருந்தார். எங்கள் மாமா கட்டிக்கொண்டு வந்தது ஒரு பெரிய காட்போட் பெட்டி. நகையோ, உறுதிக் கடதாசியோ என்று அம்மா ஆசையாகத் திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கப் பிளாஸ்ரிக் விமானங்கள். பாதி ஒட்டினது, ஒட்டாதது, கூடவே பெருவிரல் அளவு பெயின்ற் ரின்கள்.

"வீடு எரியேக்கை விளையாட்டுச் சாமான் கட்டியிருக்கிறான். விசரன்! மனிசிக்கு ஒரு மாத்துச் சீலை கொண்டு வந்தியோடா?" என்று அம்மா கத்தினார்.

மாமி சிரித்தார். "அது அவரின்ரை பிள்ளையள், மச்சாள். என்னை விட்டிட்டு வந்தாலும் உதுகளை விடமாட்டார்" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு விசரன் என்றே பெயர். பகிடியாகத்தான். அவரும் கோபிக்க மாட்டார். பருத்தித்துறையிலிருந்து கரையோடு கிழக்கே போனால் வரிசையாக வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், இருக்கிற கரைகள் வருமே, அதில் ஒன்று எங்களுடையது. எல்லாரும் கடல் தொழில். வலை, வள்ளம், மீன் தவிர வேறொன்றையும் பெரிதாக மதிக்காத சனம். அங்கே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வளர்ந்த ஆம்பிளை ஒருவர் யன்னலடி மேசையில் குந்தி விமானத்துக்கு நிறம் அடித்தால் வேறென்ன சொல்லுவார்கள்?

மாமாவும் மாமியும் எங்கள் வளவிலேயே ஒரு சின்ன வீடு போட்டு இருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகத்தை எறிந்துவிட்டு நேரே அங்கேதான் ஓடுவேன். அந்த அறையில் ஒரு மணம் இருக்கும். பெயின்றும் மண்ணெண்ணெயும் பசையும் கலந்த மணம். மூக்கில் ஏறினால் தலை இலேசாகச் சுற்றும். முகட்டிலிருந்து தூண்டில் நூலில் விமானங்கள் தொங்கும். எல்லாம் பழைய வெள்ளைக்காரச் சண்டை விமானங்கள். காற்றுக்கு மெல்லத் திரும்பும்.

அவர் நிறம் அடிக்கிற முறையைப் பார்க்க வேண்டும். வயிற்றுப் பக்கம் வானத்து நீலம். முதுகுக்கு முதலில் முழுவதும் மண்ணிறம். அது காய்ந்த பிறகு, மண்ணிறமாகவே இருக்க வேண்டிய இடங்களை மூடிவிட்டு மிச்சத்துக்குப் பச்சை. அந்த மூடுகிற வேலையில்தான் மனிசனின் உயிரே இருந்தது. கண்ணாடிப் பகுதிக்கு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரைச் சவர பிளேட்டால் மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டுவார். வளைந்து வளைந்து போகிற கரைக்குக் கொழும்பில் ஏதோ களிபோன்ற சாமான் வாங்குவாராம். எங்கள் ஊரில் அதற்கு எங்கே போக? கோதுமை மாவைத் தேங்காயெண்ணெய் விட்டு இறுக்கிக் குழைத்து, இடியப்ப உரலில் பிழிந்து, அந்த நூலை எடுத்துப் பென்சில் கோட்டின் மேல் வளைத்து வைப்பார். உள்ளே ஈரப் பேப்பர் துண்டுகள். பிறகு நுளம்புக்கு மருந்தடிக்கிற பம்பில் பச்சையை ஊற்றித் தூரத்தில் பிடித்துப் புகைபோல அடிப்பார்.

"கரை கத்தியாலை வெட்டின மாதிரி இருக்கக் கூடாது, பிள்ளை. ஒரு மயிரிழை மங்கலா இருக்க வேணும். அப்பத்தான் கண் ஏமாறும்" என்பார்.

"இஞ்சருங்கோ, வீட்டிலை இடியப்பம் அவிக்க மா இல்லை. உங்கடை பிளேனுக்கு இடியப்பம் கேக்குதோ?" என்று குசினிக்குள்ளிருந்து மாமி குரல் கொடுப்பார்.

காய்ந்ததும் மா நூலை உரிப்பது என் வேலை. மெல்ல இழுக்க, அடியிலிருந்து மண்ணிறம் வெளியே வரும். அந்தச் சந்தோசம் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. ஒருமுறை எறும்பு வந்து, நிறம் அடிக்கும் முன்பே மா நூலையெல்லாம் காவிக்கொண்டு போய்விட்டது. மாமா எறும்பைத் திட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்.

ஏன் இரண்டு நிறம் என்று நான் கேட்டேன். "கீழையிருந்து பாக்கிறவனுக்கு வானம் மாதிரி. மேலையிருந்து பாக்கிறவனுக்கு நிலம் மாதிரி. உதுக்குப் பேர் உருமறைப்பு" என்றார். பெரிய ஞானம் கிடைத்ததுபோல நான் தலையை ஆட்டினேன்.

மாமி கரையைச் சேர்ந்தவர் அல்ல. வலிகாமத்தில் செம்மண் ஊர், வெங்காயத் தோட்டக்காரர், சைவம். கொழும்பில் மாமாவைக் கண்டு விரும்பி, வேதத்துக்கு வந்து கலியாணம் கட்டினவர். தகப்பன் கனகாலம் கதைக்கவில்லை. பிறகு ஒருமாதிரி மனம் இறங்கினார். மாமி தாய்வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் உரச்சாக்கில் செம்மண் கட்டிக்கொண்டு வருவார். பஸ் கொண்டக்டர் திட்டத் திட்ட ஏற்றுவார். எங்கள் கரை முழுக்க வெள்ளை மணல், அதில் முருங்கையே முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் வளரும். மாமி கிணற்றடியில் அந்தச் செம்மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டி மிளகாயும் கத்தரியும் வைத்திருந்தார். பிள்ளை இல்லை என்று எங்கள் பெண்டுகள் குத்திக் கதைக்கும்போதெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போய்விடுவார். அவர் அங்கே நின்று அழுததை நான் கண்டிருக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு மாமிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. மாமாவைப் பிடிக்க முடியவில்லை. தொட்டில் செய்கிறேன் என்று பலகை சீவினார், முகட்டு விமானங்களைத் தூசி தட்டினார், பொம்பிளைப் பிள்ளை என்றாலும் பிளேன் ஒட்டப் பழக்குவேன் என்றார். அதே வருடம்தான் எங்கள் பக்கத்து வானமும் கெட்டது. கடலுக்குப் போகத் தடை. ஹெலி கரையோடு பறந்து வலையில் நிற்கிறவர்களைச் சுடும். பொம்மர் வந்து குண்டு போடும். பக்கத்து ஊரில் சங்கக்கடைக்கு விழுந்து, கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற சனம் செத்தது.

எங்களிடம் இருந்த ஒரே பெரிய கட்டடம் கரை ஆஸ்பத்திரி. பெரிய என்றால் பெரிதில்லை, ஊரார் சேர்ந்து கட்டின பிள்ளைப்பேற்று விடுதி. சில கட்டில்கள், ஒரு மருத்துவமாது. தட்டையான கொங்கிரீட் கூரை. வருடா வருடம் பெருநாளுக்கு முன்பு கோயிலோடு சேர்த்து அதற்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெயிலில் பார்க்கக் கண் கூசும். அதை என்ன செய்வது என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள்.

"கூரையிலை பெரிசாச் சிவப்புச் சிலுவை அடிச்சு விடுவம். ஆஸ்பத்திரி எண்டு தெரிஞ்சா விடுவாங்கள்" என்றார் சுவாமி. எங்கள் பங்குத்தந்தையைத்தான் சுவாமி என்கிறேன்.

"என்ன சுவாமி, அவங்களுக்குக் குறி வைச்சுக் குடுக்கச் சொல்லுறியளோ?" என்றார் சம்மாட்டியார். ஊரில் பாதி வள்ளம் அவருடையது, ஆகவே பாதி வாயும் அவருடையது.

அப்போது மாமா எழும்பினார். "மறைச்சு விடுவம். நான் மறைச்சுத் தாறன்" என்றார்.

சனம் சிரித்தது. விசரன் கதைக்கத் தொடங்கிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சிரிக்கிறவை பின்னேரம் மணிக்கோபுரத்திலை ஏறுங்கோ. ஏறிப்போட்டுச் சிரியுங்கோ" என்றார்.

பின்னேரம் ஊரே கோபுரத்தடியில் நின்றது. சுவாமி, சம்மாட்டியார், மருத்துவமாது, அவர்களுக்குப் பின்னால் நாங்கள் சின்னதுகள் என்று இடிபட்டுக்கொண்டு ஏறினோம். கோயிலுக்குப் பின்பக்கம்தான் எங்கள் வளவு. கீழே மாமியின் பாத்தி தெரிந்தது. பக்கத்தில் மாமி இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

"அந்தப் பாத்திக்குள்ளை என்ரை பிளேன் ஒண்டு கிடக்கு. எங்கை எண்டு காட்டுங்கோ பாப்பம்" என்றார் மாமா.

எல்லாரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மிளகாய்க் கன்று, அதன் நிழல், செம்மண். விமானம் இல்லை. சம்மாட்டியார் ஒரு கத்தரி இலையைக் காட்டி அதுதான் என்று அடித்துச் சொன்னார். மருத்துவமாது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் மாமா கை காட்ட, மாமி சிரித்துக்கொண்டே குனிந்து, தன் காலடியிலிருந்தே விமானத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். வயிற்றுப் பக்கத்து நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"அட, கொப்பன் மவனே!" என்று சம்மாட்டியார் மாமாவின் முதுகில் ஓங்கி அறைந்தார். சுவாமிகூடக் கை தட்டினார். சிலுவைக் கதை அத்தோடு சரி.

ஊரிலேயே செம்மண் கிடந்த ஒரே இடம் அந்தப் பாத்தி. அந்த விமானத்து மண்ணிறம் அதற்குத்தான் அச்சொட்டாகப் பொருந்தியது. ஆஸ்பத்திரி கிடந்ததோ கடற்கரை வெள்ளை மணலில். கோபுரத்தில் நின்ற இத்தனை பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறந்ததிலிருந்து அந்த மணலில் நடந்து, அதில் வலை காயப்போட்டு, அதிலேயே பிரேதம் தாட்ட சனம். அதன் நிறத்தை யார் நின்று பார்த்தது? மாமாவுக்கும் தோன்றவில்லை. பெட்டிக்குள் வந்த தாளில் போட்டிருந்தபடி வெள்ளைக்காரன் நாட்டு வயலுக்கும் காட்டுக்கும் ஏற்ற நிறத்தை அவர் பாடமாக்கி வைத்திருந்தார்.

அதன் பிறகு திருவிழாதான். கடலுக்குப் போகாமல் வள்ளங்கள் கரையில் காய்ந்துகொண்டு கிடந்ததால் வீட்டுக்கு வீடு வள்ளத்துக்கு வாங்கின பச்சைப் பெயின்ற் மிச்சம் இருந்தது. அடி உறைந்தது, பாதி இறுகினது எல்லாம் வந்து சேர்ந்தது. சம்மாட்டியார் புது வள்ளத்துக்கென்று வைத்திருந்த பெரிய ரின்னையே உடைக்காமல் தந்தார். மண்ணிறத்துக்குச் செங்காவியும் கழிவு ஒயிலும் கலந்தார்கள். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற, முதுகில் காவுகிற பம்பை மாமியின் தகப்பன் சைக்கிளில் கட்டி அனுப்பியிருந்தார்.

மாமா கூரையில் சோக்கட்டியால் கோடு கீறினார். மா நூலுக்குப் பதில் நங்கூரக் கயிறு. ஈரப் பேப்பருக்குப் பதில் பாயும் சாக்கும் கிழிந்த வலையும், மேலே மணல் மூட்டை. முதலில் மண்ணிறம், காய்ந்த பிறகு கயிறு வளைத்துப் பாய் விரித்துப் பச்சை. என் அப்பாவும் மற்ற ஆம்பிளைகளும் அவர் சொன்ன இடத்தில் கயிற்றை வளைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் இழுங்கோ. வளைவு வடிவா வரட்டும்" என்று அவர் நடந்து திரிந்தார். முதல் தடவையாக ஊர் அவர் சொல்வதைக் கேட்டது. பாய்களை உரித்தபோது கீழே நின்ற பெண்டுகள் குரவை போடாத குறை. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. மாமா செய்ததிலேயே பெரிய விமானம் அதுதான் என்று நினைத்தேன்.

மாமிக்கு ஏழாம் மாதம். கால் வீங்கிவிட்டது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போவதுதானே முறை? கூட்டிப்போக அவரின் தமையன் கார் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் அப்போது அமைதியாக இருந்தது. மாமி ஏற்கெனவே உடுப்பைக் கட்டி வைத்திருந்தார். தலை வாரிப் பூக்கூட வைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, நான் ஒருக்கா அம்மாட்டைப் போட்டு வாறனே. பிள்ளை பிறந்து துடக்குக் கழியத் திரும்பி வந்திடுவன்" என்றார்.

"நீர் என்ன கதை கதைக்கிறீர்? வழியிலை ஹெலி வந்தால் காருக்கை இருந்து என்ன செய்வீர்? உங்கடை ஊரிலை ஒரு மறைப்பு இருக்கோ? யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் எங்கடை ஆஸ்பத்திரி மாதிரிப் பாதுகாப்பான இடம் இல்லை."

"மச்சான், அவள் ஆசைப்படுறாள்" என்றார் தமையன்.

"ஆசைக்கு உயிரைக் குடுக்கேலாது, மச்சான். மேலையிருந்து பாக்கிறவனுக்கு அங்கை ஒரு கட்டடமே இல்லை. நான் செய்தது. எனக்குத் தெரியும்."

மாமி என் அம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லுங்கோ மச்சாள் என்ற பார்வை. அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார். ஊர் முழுக்கச் சிரித்த தம்பி அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து நின்றார். "அவன் சொல்லுறது சரிதானே, பிள்ளை" என்றார் அம்மா. மாமி கட்டின உடுப்பை அவிழ்க்கவில்லை. அந்தப் பையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் வீக்கத்துக்குப் பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே படுக்கட்டும் என்று மருத்துவமாதும் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து ஹெலி வந்தது. நாங்கள் பங்கருக்குள் விழுந்தோம். ஆனால் அது சுடவில்லை. ஆஸ்பத்திரிக்கு மேலே வட்டம் போட்டது. தாழப் பதிந்து திரும்பவும் வட்டம் போட்டது. பிறகு கடல் பக்கமாகப் போய்விட்டது. மாமா பங்கருக்குள்ளிருந்து பாய்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டியளோ? தேடுறான்! இஞ்சை இருந்த வெள்ளைக் கூரை எங்கை போனதெண்டு தெரியாமல் சுத்துறான்!" என்றார்.

ஊர் கைதட்டியது. சம்மாட்டியார் நல்ல விளைமீன் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் குசினியில் போட்டார். "உவன் எங்கடை ஊருக்குக் கிடைச்ச சொத்து" என்றார். அன்று மாமிக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். மாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். "உன்ரை மாமாவுக்குச் சந்தோசமே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அது காணும்" என்று சொல்லி மீனை முள் எடுத்துத் தின்றார்.

இத்தனை காலத்துக்குப் பிறகு, இப்போதிலிருந்து மூன்று வருடத்துக்கு முன்பு, பலாலிக்கு விமானத்தில் வந்து இறங்கினேன். யன்னல் பக்கத்து இருக்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் கரையை மேலேயிருந்து பார்த்தேன். மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சுண்ணாம்பு அடித்த வீடு, கோயில் எதுவும் இலேசில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. எல்லாம் மணலோடு போய்விட்டன. தெரிந்ததெல்லாம் கறுப்பாக, பச்சையாக இருந்தவைதான். ஒரு கிணற்றடி வாழைகூடத் தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பிள்ளை ஏன் அன்ரி அழுகிறீர்கள் என்று கேட்டாள். காது அடைக்கிறது என்றேன். அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரி இப்படித்தான் தெரிந்திருக்கும்: வெள்ளை மணலுக்கு நடுவில் பச்சையும் மண்ணிறமுமாக நீட்டுக்கு ஒரு கட்டடம். ஆமிக்காரர் தங்கள் கொட்டிலுக்கும் லொறிக்கும் அடிக்கிற அதே நிறம். மேலேயிருந்து பார்த்தவன் அதை ஆஸ்பத்திரி என்றா நினைத்திருப்பான்?

ஹெலி வந்து போன அதே கிழமை, ஒரு காலைநேரம் பொம்மர் வந்தது. முகம் கழுவிக்கொண்டு நின்ற என்னை அம்மா பங்கருக்குள் இழுத்துப் போட்டார். பொம்மர் வேறெங்கும் போகவில்லை, சுற்றவில்லை. நேரே வந்து இரண்டு தரம் பதிந்து எழும்பியது. பங்கர் ஆடி எங்கள் தலையில் மண் கொட்டியது. அம்மா என்னைத் தள்ளிவிட்டு "ஐயோ, மச்சாள்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். நானும் ஓடினேன். கூரை நடுவால் முறிந்து உள்ளே இறங்கியிருந்தது. ஓரத்துப் பாதி மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டு நின்றது.

மருத்துவமாதை உயிரோடு எடுத்தார்கள், ஒரு கால் போயிருந்தது. முந்தின நாள் பிள்ளை பெற்ற ஒருத்தியும் அவள் குழந்தையும் செத்துப்போனார்கள். மாமியை எடுக்க நேரம் சென்றது. மாமா கையாலேயே கொங்கிரீட்டைக் கிளறினார். ஆம்பிளைகள் இழுத்து இழுத்துப் பார்த்தும் விடவில்லை. எடுத்தபோது மாமியின் முகத்தில் ஒரு காயமும் இல்லை. வயிற்றில் கை வைத்தபடி கிடந்தார். அம்மா தன் சீலைத் தலைப்பால் அந்த முகத்துச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று சுவாமி சொல்லும்வரை துடைத்தார்.

செத்த வீட்டுக்கு மாமியின் ஆட்கள் வந்தார்கள். மாமியின் தாய் வந்து மாமாவின் சேர்ட்டைப் பிடித்து உலுக்கி, "கூட்டிக்கொண்டு போக வந்தமே, விட்டியோ? விட்டியோ?" என்று கேட்டார். தமையன் தாயின் கையை விடுவித்துக் கூட்டிப்போனார்.

அடக்கம் முடிந்த கையோடு, யாரும் கூடிக் கதைக்காமலே, ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. கூரையைப் பற்றி அந்த மனிசனிடம் ஒரு சொல் சொல்லக் கூடாது. ஹெலி ஏன் வட்டம் போட்டது, பொம்மர் ஏன் நேரே வந்தது என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியிருந்தது. சம்மாட்டியார் ஆள் பிடித்து மிச்சம் தொங்கிய பாதிக் கூரையை அடுத்த நாளே உடைத்துக் கடலில் கொட்டினார். மாமாவின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. "உவங்கள் கண்மூடித்தனமாப் போடுறாங்கள். எங்கை விழுமெண்டு அவங்களுக்கே தெரியாது" என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னார், சொல்லும்போது மாமா இருந்த வாங்குப் பக்கம் பார்த்தார். அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், "கூரைக் கதை உன்ரை வாயிலை வந்தால் பல்லை உடைப்பன்" என்றார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

எல்லாரும் மாமாவைத் தாங்கினார்கள். கடலில் களவாகப் பிடித்த மீனில் நல்லது அவருக்கு வரும். அவர் கடந்து போனால் பெடியள் எழும்பி நிற்பார்கள். யாரும் பகிடி விடுவதில்லை. மாமா குடுக்கிறதைச் சாப்பிட்டார், கூப்பிட்டால் வந்தார். அறைக்குள் போய் மேசையில் இருப்பார். ஒன்றும் செய்வதில்லை. விமானங்கள் முகட்டில் அப்படியே தொங்கின. அடுத்த வருடம் ஆமி வர ஊரைவிட்டு ஓடினபோது அவற்றை யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அந்த வீட்டுக்கு முகடே இல்லை.

ஓடுவதற்கு முன்பு ஒரு பின்னேரம், இன்னும் கிழக்கே உள்ள கரையிலிருந்து ஒரு தலைமையாசிரியரும் வேறு இரண்டு பேரும் சைக்கிளில் வந்தார்கள். மயிலிட்டிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் அவருடைய பள்ளிக்கூடத்தில் நிரம்பிக் கிடந்தது. அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

"உங்கடை தம்பி கூரைக்கு மறைப்பு அடிக்கிறவராம். ஹெலி வந்து சுத்திச் சுத்திப் பாத்தும் காணேலாமல் போனதெண்டு எங்கடை பக்கம் எல்லாரும் கதைக்கினம். பேந்து குண்டு விழுந்தது தலைவிதி, அதுக்கு என்ன செய்யிறது? எங்கடை பள்ளிக்கூடம் வெள்ளை மணலிலை பளிச்செண்டு கிடக்கு. சின்னன்கள் கனக்க இருக்குதுகள். பெயின்றும் ஆளும் நாங்கள் தாறம். அவர் வந்து கோடு மட்டும் கீறித் தந்தால் காணும்" என்றார் தலைமையாசிரியர்.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. கதையின் முதல் பாதி மட்டும் அந்தக் கரைவரை போயிருக்கிறது. மற்றப் பாதியை ஊரே சேர்ந்து விழுங்கிவிட்டதே.

"அவனுக்குச் சுகமில்லை, சேர். அவன் இப்ப உந்த வேலை செய்யிறேல்லை" என்றார்.

"ஒரு நாள் வந்தால் போதும், தங்கச்சி. சும்மா இல்லை, பிள்ளையளின்ரை உயிர்."

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். திறந்தால் தம்பி, மூடினால் அந்தப் பள்ளிக்கூடத்துச் சின்னன்கள். அந்தத் தவிப்பை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. அப்போது மாமா தன் வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்றார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"அடியாதேங்கோ, சேர்" என்றார்.

"தம்பி, நீ உள்ளை போ" என்றார் அம்மா.

"அடியாதேங்கோ. பெயின்றைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு மங்கிக் கிடந்தால் திரும்ப அடியுங்கோ. மணலோடை மணலாக் கிடக்கட்டும். அந்த ஹெலி தேடேல்லை. கண்டுபோட்டுத்தான் சுத்தினது. நான் அடிச்ச நிறத்தாலைதான் என்ரை மனிசி செத்தது. பிள்ளையும்."

அம்மா எழும்பி மாமாவின் கையைப் பிடித்தார்.

"ஆரடா உனக்குச் சொன்னது? எந்தப் பாழ்படுவான் சொன்னவன்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா. அவளைத் தாட்ட அண்டைக்கே தெரியும். அவளின்ரை தாய் ஒருத்தியைத் தவிர, நீங்கள் ஒருத்தரும் என்னை ஏசேல்லையே. அதிலைதான் விளங்கினது."

தலைமையாசிரியர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனார்.